வேட்டை நாய்க்கு எந்த டிராக்கிங் காலர்: ரேடியோவா, ஜிபிஎஸ்ஸா, சிம் போட்டதா?

நாய் எங்கே இருக்கிறது என்று காட்டும் கழுத்துப்பட்டைதான் டிராக்கிங் காலர். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது “எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?” என்பதுதான். ஒரு பெட்டியின் மேல் 14 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும், பக்கத்துப் பெட்டியில் 6 என்று இருக்கும், கை தானாக 14-க்குப் போகும். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது நடுவில் மரம், மேடு, பாறை எதுவும் இல்லாமல் காலரின் ஆன்டெனாவும் உங்கள் கையிலிருக்கும் கருவியும் நேருக்கு நேர் இருக்கும்போது கிடைக்கும் தூரம். நாய் ஓர் ஓடைப் பள்ளத்தில் இறங்கிப் படுத்துவிட்டால் அதே காலர் ஒரு கிலோமீட்டருக்கே திணறும். அதனால் தூரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாய் இருக்கும் இடம் பற்றிய தகவல் காலரிலிருந்து உங்கள் கைக்கு எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள். விலை, எடை, பேட்டரி, நம்பகம் எல்லாமே கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

ஜிபிஎஸ் காலர் என்றால் செயற்கைக்கோள் மேலிருந்து நாயைப் பார்த்து நமக்குச் சொல்கிறது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. செயற்கைக்கோள்கள் பாட்டுக்குச் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன, காலர் அதை வாங்கித் தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது, அதோடு செயற்கைக்கோளின் வேலை முடிந்தது. கணக்குப் போட்டதை உங்களிடம் சொல்வதற்குக் காலருக்கு இன்னொரு வழி வேண்டும். ரேடியோ அலை மூலம் நேராக உங்கள் கைக்கருவிக்கே அனுப்பலாம், இல்லையென்றால் உள்ளே ஒரு சிம் வைத்து மொபைல் டவர் வழியாகப் போனுக்கு அனுப்பலாம். மூன்றாவதாக ஒரு பழைய வகை இருக்கிறது. அதில் ஜிபிஎஸ்ஸே கிடையாது, காலர் ஒரு ரேடியோத் துடிப்பை மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும், அது எந்தப் பக்கம் என்று நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

பழைய ரேடியோ காலர்

இதை ஓரமாக ஒதுக்கிவிட வேண்டாம் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வனவிலங்கு ஆய்வாளர்களான க்ரெய்க்ஹெட் சகோதரர்கள் கிரிஸ்லி கரடிகளின் கழுத்தில் ரேடியோவைக் கட்டிப் பின்தொடர்ந்தார்கள், அதே தத்துவம்தான் இன்றும். வி.எச்.எஃப் அலைவரிசையில் காலர் ‘டிக், டிக்’ என்று துடிக்கும். உங்கள் கையில் ஒரு ரிசீவரும், பழைய மொட்டைமாடி டிவி ஆன்டெனாவைச் சின்னதாக்கியது போன்ற யாகி ஆன்டெனாவும் இருக்கும்.

தேடுவது இப்படி. மேடான இடமாகப் பார்த்து ஏறி, ஆன்டெனாவை மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம் சத்தம் பெரிதாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்தி, ரிசீவரின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைத்துக்கொண்டே மறுபடி இடமும் வலமும் ஆட்டினால் திசை இன்னும் குறுகும். திசை தெரிந்ததும் அதை நோக்கி ஓடத்தான் எல்லோருக்கும் கால் பரபரக்கும். ஓடாமல், அந்தத் திசைக்குக் குறுக்காகக் கொஞ்ச தூரம் நடந்து இன்னோர் இடத்திலிருந்து இன்னொரு திசையை எடுங்கள். இரண்டு கோடுகளும் மேப்பில் எங்கே வெட்டுகின்றனவோ நாய் அதன் பக்கத்தில் இருக்கும். பாறைச் சுவர் இருக்கும் பள்ளத்தாக்குகளில் சிக்னல் சுவரில் பட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதுபோலக் காட்டும், அங்கெல்லாம் இரண்டு கோடு போதாது, மூன்றாவதும் போட வேண்டும். நாய்க்கு மிக அருகில் வந்துவிட்டால் எல்லாத் திசையிலும் ஒரே சத்தமாகக் கேட்கும். அப்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ரிசீவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்புங்கள். உங்கள் உடம்பே ஒரு பக்கத்துச் சிக்னலை மறைக்கும், எந்தப் பக்கம் முதுகு காட்டும்போது சத்தம் குறைகிறதோ நாய் அந்த முதுகுப் பக்கத்தில் இருக்கிறது.

இதெல்லாம் பழகப் பழகத்தான் வரும். மேப்பில் புள்ளி தெரியாது, நாய் வந்த தடம் தெரியாது, நாலு நாய் விட்டால் நாலு அலைவரிசையை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். ஆனாலும் இதற்கு ஈடில்லாத ஒன்று இருக்கிறது. வேலை கொஞ்சம் என்பதால் பேட்டரி மாதக் கணக்கில் ஓடும். ஜிபிஎஸ் காலர் இரண்டாம் நாளே அணைந்துபோய், நாய் மூன்றாம் நாளும் கிடைக்கவில்லை என்றால் துடித்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். வானம் தெரியாத பாறை இடுக்கிலோ பாலத்துக் குழாய்க்குள்ளோ நாய் மாட்டிக்கொண்டாலும் இந்தத் துடிப்பு ஓரளவு வெளியே கசியும். அங்கே ஜிபிஎஸ்ஸுக்குத் தன் இடமே தெரியாது.

ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும் சேர்ந்தது

இன்று தொலைவில் வேலை செய்யும் நாய்களை வைத்திருப்பவர்களில் பலர் போய்ச் சேர்வது இங்கேதான், அதில் நியாயம் இருக்கிறது. 2000-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே மழுக்கி வைத்திருந்ததை நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் அளவுக்குத் தப்பிக்கொண்டிருந்த கணக்கு சட்டென்று பத்து மீட்டருக்குப் பக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகுதான் நாய் எந்தப் புதரில் நிற்கிறது என்று சொல்லும் காலரே சாத்தியமானது. கார்மினின் ஆஸ்ட்ரோ, ஆல்ஃபா வரிசைகளும் டாக்ட்ராவின் பாத்ஃபைண்டரும் இந்த வகை. காலர் தன் இடத்தைக் கணக்கிட்டு ரேடியோ வழியே நேராக உங்களுக்குச் சொல்லும். டவர் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம். ஆல்ஃபாவில் 20 நாய் வரை, பாத்ஃபைண்டரில் 21 வரை ஒரே திரையில் பார்க்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது எத்தனை விநாடிக்கு ஒரு தடவை இடத்தைச் சொல்கிறது என்பது. வேகமாகத் துரத்தும் நாய் மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள், விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். இரண்டரை விநாடிக்கு ஒரு தடவை சொல்லும் அமைப்பில் திரையில் தெரியும் புள்ளிக்கும் நாய்க்கும் 20 மீட்டர்தான் வித்தியாசம். பேட்டரியை மிச்சப்படுத்த இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை என்று மாற்றினால் அந்த வித்தியாசம் ஒரு கிலோமீட்டர். நடுவில் ஒரு சாலை இருந்தால் ஒரு கிலோமீட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை. நாய் ஓடும்போது வேகமான அமைப்பும், நாள் முடிந்தும் நாய் திரும்பாதபோது மெதுவான அமைப்பும் என்று மாற்றிக்கொள்ளலாம். நாய் தூரத்தில் இருக்கும்போதே கைக்கருவியிலிருந்து இதை மாற்ற முடிகிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள். முடியாவிட்டால் அந்த வசதி இருந்தும் பயன் இல்லை.

திரையைப் படிக்கவும் பழக வேண்டும். புள்ளி தெரிகிறது என்பதால் நாய் அங்கே இருக்கிறது என்று ஆகாது, அது கடைசியாகத் தகவல் வந்த இடம். எவ்வளவு நேரத்துக்கு முந்தைய தகவல் என்பதை முதலில் பாருங்கள். நாயின் வேகத்தையும் பாருங்கள். காட்டில் இருக்க வேண்டிய நாய் சாலை ஓரமாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போகிறது என்றால் அது ஓடவில்லை, யாரோ வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அம்புக்குறி காட்டுவது நேர்க்கோடு, நடுவில் ஆறோ செங்குத்துச் சரிவோ இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளாமல் வெறும் அம்புக்குறியை நம்பி இருட்டில் இறங்காதீர்கள்.

தனிக் கைக்கருவியா, போனிலேயே பார்க்கும் அமைப்பா என்பது அடுத்தது. பாத்ஃபைண்டரில் நாயிடமிருந்து வரும் ரேடியோவை ஒரு சின்னப் பெட்டி வாங்கி ப்ளூடூத் வழியாக உங்கள் போனுக்குக் கொடுக்கிறது. திரை பெரிது, மேப் அழகாகத் தெரியும், தனியாக ஒரு கருவிக்குப் பணம் போட வேண்டாம். ஆனால் மழையில் நனைந்த விரலுக்குப் போன் திரை ஒத்துழைக்காது, கையுறை போட்டால் அதுவும் இல்லை, குளிரில் போன் பேட்டரி கண் முன்னால் இறங்கும். எல்லாவற்றையும் விட, நாய் தொலைந்த நேரத்தில் உதவிக்கு யாரையாவது கூப்பிட வேண்டிய போனும் நாயைக் காட்டும் போனும் ஒன்றாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. திறந்த வெளியில், பகலில், நல்ல வானிலையில் மட்டும் போகிறவர்களுக்குப் போன் போதும். மற்றவர்களுக்குப் பொத்தான் வைத்த தனிக் கருவிதான் என் பரிந்துரை.

ஆல்ஃபா 200i போன்ற மாடல்களில் வரும் இன்ரீச் பற்றி ஒரு குழப்பம் உண்டு. அது இரிடியம் செயற்கைக்கோள் வழியாக நீங்கள் செய்தி அனுப்பவும் ஆபத்தில் உதவி கேட்கவும் இருக்கும் வசதி, அதற்குச் சந்தா தனி. அதனால் நாயின் சிக்னல் ஒரு மீட்டர்கூட நீளாது. தனியாக மலைக்காட்டுக்குள் போகிறவர் என்றால் வாங்குங்கள், உங்களுக்காக.

சிம் போட்ட காலர்

டவர் இருக்கும் இடத்தில் இதற்குத் தூரம் என்ற கணக்கே இல்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் நாய் போனாலும், பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போனாலும், நாய்க்கும் உங்களுக்கும் டவர் கிடைத்தால் போதும். ஃபின்லாந்து நிறுவனங்களான டிராக்கரும் அல்ட்ராகாமும் இதை நன்றாக வளர்த்திருக்கின்றன. அந்தப் பக்கத்து மூஸ் (பெரிய மான் வகை) வேட்டையில் ஸ்பிட்ஸ் வகை நாய்கள் மிருகத்தைக் கண்டுபிடித்து ஒரே இடத்தில் நிறுத்திக் குரைத்துக்கொண்டே இருக்கும், வேட்டைக்காரர் தொலைவிலிருந்து சத்தம் காட்டாமல் வந்து சேர வேண்டும். அதற்காக அங்கே காலரிலேயே ஒரு மைக்கை வைத்து, போனில் கூப்பிட்டு நாய் குரைப்பதை நேரடியாகக் கேட்கும் வசதி வந்தது. குரைக்கும் தோரணையைக் கேட்டே நாய் எதன் முன்னால் நிற்கிறது என்று சொல்லிவிடும் ஆட்களுக்கு மேப்பில் உள்ள புள்ளியை விட இது எத்தனையோ மடங்கு மேல்.

இதன் பலவீனமும் அதே டவர்தான். நாய் தொலைவது பெரும்பாலும் ஆள் இல்லாத இடத்தில், டவர் கிடைக்காததும் அதே இடத்தில். நீங்கள் போகும் காட்டில் பாதையில் நின்று போனைப் பார்த்து “நாலு கோடு காட்டுகிறது” என்று முடிவு கட்டாதீர்கள், பள்ளங்களுக்குள் இறங்கிப் பாருங்கள். இன்னொன்று, நெட்வொர்க்குக்கு ஆயுள் உண்டு. அமெரிக்காவில் 2022-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும் 3ஜி மூடப்பட்டபோது அதை மட்டும் நம்பிய கருவிகள் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன. இனி சிம் காலர் வாங்கினால் 2ஜி, 3ஜி மட்டும் என்று இருப்பதைத் தொடவே தொடாதீர்கள், மலிவு விலை காலர்களில் இது சின்ன எழுத்தில்தான் இருக்கும். அப்புறம், வீட்டு நாய்களுக்கென்று விற்கும் சின்ன சிம் டிராக்கர்கள் பேட்டரியைச் சேமிக்க நீண்ட இடைவெளி விட்டுத்தான் இடத்தைச் சொல்லும். வேலியைத் தாண்டிப் போன நாய்க்கு அது போதும், துரத்திக்கொண்டிருக்கும் நாய்க்குப் போதாது.

சாவிக்கொத்தில் மாட்டும் ஏர்டேக் போன்றவற்றையும் காலரில் கோத்துவிடுகிறார்கள். பக்கத்தில் ஆப்பிள் போன் வைத்திருப்பவர் யாராவது கடந்து போனால்தான் அது பேசும். காட்டில் யார் கடந்து போகிறார்கள்? விட்டுவிடலாம்.

சரி, உங்கள் நாய்க்கு எது?

நாய் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இதைத் தீர்மானிக்கும். உங்கள் முன்னால் முப்பது, நாற்பது மீட்டருக்குள் புதரைக் கலைத்துப் பறவையை எழுப்பும் ஸ்பானியலுக்கு டிராக்கிங் காலர் பாதுகாப்புக்காக மட்டும்தான், இருப்பதில் எடை குறைந்ததை எடுங்கள். சில நூறு மீட்டர் விரிந்து தேடி, மணம் பிடித்ததும் சிலையாக நிற்கும் பாயின்டர் வகைக்கு ஜிபிஎஸ்-ரேடியோ காலர் ரொம்பப் பொருத்தம். புல் உயரமாக இருக்கும்போது நாய் நின்றுவிட்டது என்பதை அது சொல்லிவிடும். நாய் நின்றதும் ஒலியை மாற்றும் பீப்பர் காலரும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் அது காதுக்கு எட்டும் தூரம் வரைதான், அதோடு பறவைக்கும் கேட்கும்.

மோப்பத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் ஹவுண்ட் நாய்களுக்கு ஜிபிஎஸ்-ரேடியோவைத் தவிர வேறு எதையும் முதல் காலராக வைக்க நான் சொல்ல மாட்டேன். துரத்தும் மிருகத்தை மரத்தில் ஏற்றி நிறுத்தும் நாய் என்றால், நாய் அண்ணாந்து பார்ப்பதைக் காலரின் சாய்வை வைத்து உணர்ந்து சொல்லும் வசதியும் கேட்டு வாங்குங்கள். பழைய ரேடியோ காலர்களிலும் இது உண்டு, தலை தூக்கினால் துடிப்பின் வேகம் மாறும். பன்றி, கரடி போன்றவற்றின் பின்னால் போகும் நாய்களில் விலை மதிப்பற்றதாக ஒன்றிரண்டு இருந்தால் அவற்றுக்கு ஜிபிஎஸ் காலரோடு ஒரு சின்ன ரேடியோ துடிப்புக் காலரையும் சேர்த்துக் கட்டுவதில் தவறே இல்லை. காட்டுப்பன்றி ஒரே உரசலில் ஆன்டெனாவைப் பிடுங்கிப் போட்டுவிடும், அப்போது இரண்டாவது இருக்க வேண்டும்.

வளைக்குள் இறங்கும் டெரியர்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. மண்ணுக்குக் கீழே செயற்கைக்கோள் சிக்னல் போகாது, போன் டவரும் போகாது. அதற்கென்றே காந்தப் புலத்தை வைத்து வேலை செய்யும் லொகேட்டர் காலர்கள் இருக்கின்றன. தூரம் சில மீட்டர்தான், ஆனால் நாய் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லும். எங்கே தோண்டுவது என்பதுதான் அங்கே உயிர் போகும் கேள்வி. அதனால் வளை நாயை ஜிபிஎஸ் காலரை மட்டும் நம்பி இறக்காதீர்கள்.

மின்அதிர்வு கொடுத்துப் பழக்கும் வசதியும் சேர்ந்த காலர்கள் நிறைய வருகின்றன, கார்மின் 2011-ல் ட்ரை-ட்ரானிக்ஸ் நிறுவனத்தை வாங்கிய பிறகு இந்தக் கூட்டணி சாதாரணமாகிவிட்டது. வேல்ஸில் 2010 முதலும், ஜெர்மனியிலும், வேறு சில ஐரோப்பிய நாடுகளிலும் அதிர்வுக் காலருக்குத் தடை இருக்கிறது. தடை இல்லாத இடத்திலும் எனக்கு டிராக்கிங் மட்டும் உள்ள காலர்தான் சரி என்று படுகிறது. காரணம் எளிது. அதிர்வுக் காலரின் உலோக முனைகள் தோலைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் இறுக்கமாகக் கட்ட வேண்டியிருக்கிறது, ஒரே இடத்தில் பல மணி நேரம் அழுத்தினால் புண் வரும், அதனால் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் போடாதே என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். டிராக்கிங் காலரோ நாய் கிடைக்கும் வரை கழுத்தில் இருக்க வேண்டியது. இரண்டையும் ஒன்றாக்குவது நாய்க்கு நல்லதில்லை.

எடையையும் பாருங்கள். பெரிய ஜிபிஎஸ் காலர் கால் கிலோவுக்கு மேல் வரும். முப்பது கிலோ ஹவுண்டுக்கு அது தெரியாது, பத்துக் கிலோ நாய் நாள் முழுக்கச் சுமந்தால் கழுத்து மயிர் தேய்ந்துவிடும். மினி மாடல்கள் உண்டு, ஆனால் எடையோடு தூரமும் பேட்டரியும் சேர்ந்தே குறையும். கட்டும்போது இரண்டு விரல் நுழையும் அளவு வைத்து, ஆன்டெனா மேல்நோக்கி நிற்கிறதா என்று பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் காலர் சுற்றிக்கொண்டு ஆன்டெனா கழுத்துக்கு அடியில் போய்விடும், உடம்பும் தரையும் சிக்னலைத் தின்றுவிடும். காலரை வண்டிக் கூண்டுக்குள்ளேயே ஆன் செய்து கதவைத் திறந்து நாயை விடாமல், வெளியே வானம் தெரியும் இடத்தில் சில நிமிடம் வைத்து இடம் பிடித்துவிட்டதா என்று பார்த்து விடுங்கள். பல நாள் அணைந்திருந்த காலருக்கு அந்த நேரம் தேவை.

சட்டத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. நாயை வைத்து வேட்டையாடுவதே கூடாது என்ற இடங்கள் இருக்கின்றன, அங்கே காலர் தேர்வுக்கு வேலையே இல்லை. அனுமதி உள்ள இடத்திலும் ரேடியோ அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் இந்தக் காலர்கள் உரிமம் தேவைப்படாத முர்ஸ் என்ற ஐந்து சேனல்களில், 151-க்கும் 155-க்கும் இடையிலான மெகாஹெர்ட்ஸில், 2 வாட்டுக்குள் இயங்குகின்றன. ஐரோப்பாவுக்கென்று தயாராகும் காலர்களின் அலைவரிசை வேறு. ஒரு நாட்டுக் காலரை விலை குறைவு என்று இன்னொரு நாட்டுக்கு வரவழைத்தால், அங்கே அந்த அலைவரிசை வேறு யாருக்காவது ஒதுக்கப்பட்டிருக்கலாம், மாட்டினால் அபராதம். உங்களிடம் ஏற்கெனவே உள்ள கைக்கருவியோடு அது சேராமலும் போகலாம்.

பழையது வாங்குவதென்றால் நேரில் போய், காலரை ஆன் செய்து, கைக்கருவியில் புதிதாகச் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள், முந்தைய ஆளின் கணக்கிலேயே பூட்டிக்கிடக்கும் சிம் காலர்கள் விற்பனைக்கு வருகின்றன. ஆன்டெனாவின் அடியில் வளைந்த தடமோ ரப்பர் வெடிப்போ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். சார்ஜ் போடும் முனைகளில் பச்சை பிடித்திருந்தால் பேரம் பேசலாம், சுரண்டிச் சரிசெய்யலாம். முழு சார்ஜில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதை மட்டும் விற்பவர் சொல்வதை வைத்து எடுத்துக்கொள்ளாமல், பேட்டரியைத் தனியாக மாற்றக்கூடிய மாடலா, அந்த பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.